சிங்கம் பார்க்கப் போகும் குடும்பத்தோடு கென்யாவில் பறவை பார்க்க முடியுமா?

கரிசல் வானம்பாடி

வணக்கம். நான் கோவில்பட்டிக்காரன். எட்டு வருஷமாகப் பறவை பார்த்து வருகிறேன். எங்கள் ஊர்க் கண்மாய்கள், மானாவாரிக் காடுகள், வருஷத்துக்கு நாலைந்து தடவை கூந்தன்குளம். வெளிநாடு போனதில்லை.

வருகிற நவம்பர் இரண்டாம் வாரம் குடும்பத்தோடு கென்யா போகிறோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள், மைத்துனர், அவர் மனைவி என ஐந்து பேர். செலவில் பாதியை மைத்துனர் ஏற்றிருக்கிறார். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே சிங்கத்தைக் காட்டில் பார்க்க வேண்டும் என்று ஆசை. அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் ஆப்பிரிக்காவுக்கு இன்னொரு முறை போவேனா என்று தெரியாது. ஆகவே பறவையையும் விட மனமில்லை.

பயண ஏற்பாட்டாளர் தந்த திட்டம் ஏழு இரவு: நைரோபி 1, அம்போசெலி 1, நைவாஷா 1, நகுரு 1, மாசாய் மாரா 2, கடைசியில் மறுபடி நைரோபி 1.

போன வருஷம் என் நண்பர் ஒருவர் எட்டுப் பேர் வண்டியில் போனார். பனங்காடை போல ஒன்று மரத்து உச்சியில் இருந்தது, நிறுத்தச் சொன்னேன், வண்டி நிற்கவில்லை என்றார். ரேடியோவில் சிங்கம் என்று செய்தி வந்தால் போதும், மற்ற எல்லாவற்றையும் தாண்டி ஓடுகிறார்களாம். அதைக் கேட்டதிலிருந்து மனசே சரியில்லை.

இந்தத் திட்டத்தில் எதை மாற்றலாம்? நவம்பர் மழை தொந்தரவா? நகுரு ஏரியில் பூநாரை (ஃபிளமிங்கோ) இருக்குமா? லென்ஸ், பைனாகுலர் பற்றியும் சொல்லுங்கள்.

மடையான்

முதலில் ஊசி. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் இந்தியாவில் தனிமைப்படுத்துவார்கள். போட்டு பத்து நாள் ஆன பிறகுதான் அது செல்லும். கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். முன்பதிவு கிடைக்க நாளாகும், கடைசி வாரம் வரை விட்டுவிடாதீர்கள். 2024 ஜனவரி முதல் கென்யாவுக்குப் பழைய விசா கிடையாது. போகுமுன் இணையத்தில் பயண அனுமதி வாங்க வேண்டும். குழந்தைக்கும் தனியாக.

மற்றதைச் சுடலைக்குயில் அக்கா சொல்வார்கள். அங்கேயே இருந்தவர்கள்.

சுடலைக்குயில்

தம்பி, வணக்கம். கணவர் வேலையாக நைரோபியில் பார்க்லேண்ட்ஸ் பகுதியில் பதினோரு வருஷம் இருந்தேன். மாரா மட்டும் பதினாறு தடவை. இப்போது மதுரை. உங்கள் மைத்துனர் ஆசையும் உங்கள் ஆசையும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு பயணம் முழுக்கத் தேவைப்பட்டது.

முதல் தடவை மாமனார், மாமியாரோடு போனோம். ஒரு புதருக்கடியில் ஏழு சிங்கங்கள் படுத்திருந்தன. சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம் வரை சும்மா கிடக்கும். ஐம்பது நிமிஷம் வண்டி அங்கேயே நின்றது. மாமியாருக்குக் கண்ணை எடுக்க மனமில்லை. வழியில் ஒரு பறவைக்கு நிறுத்தவில்லையே என்ற கோபத்தில் நான் எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் ஓர் எருமை நின்றது. அதன் முதுகில் நாலு ஆக்ஸ்பெக்கர். ஒன்று காதுக்குள் தலையை விட்டு உண்ணி எடுக்கிறது. இன்னொன்று மூக்குத் துவாரத்தருகே தலைகீழாகத் தொங்குகிறது. எருமை கண்ணை மூடி நிற்கிறது. கழுத்தில் ஒரு புண் இருந்தது, அதையும் கொத்தி ரத்தம் குடித்தது. உபகாரமும் உபத்திரவமும் ஒரே அலகில். நம் ஊர் உண்ணிக்கொக்கு பெரும்பாலும் மாட்டின் காலடியில் கிளம்பும் பூச்சிக்காக நடக்கும். இது மாட்டின் மேலேயே குடியிருக்கும் பறவை. அந்த ஐம்பது நிமிஷத்தில் வண்டியை விட்டு நகராமல் பத்தொன்பது வகை எழுதினேன்.

ஓடுகிற வண்டியில் பறவை பார்க்க முடியாது. சிங்கத்துக்காக வண்டி நிற்கும். மற்றவர்கள் சிங்கத்தைப் பார்க்கும்போது நீங்கள் சுற்றிலும் பாருங்கள். சண்டையே வேண்டாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. பறவை தெரிந்தவர்தான் அந்த வண்டியிலேயே முதலில் மிருகத்தைக் கண்டுபிடிப்பார். பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், உயரத்தில் வட்டமிட்டால் தேடுகின்றன என்று அர்த்தம். காலைத் தொங்கவிட்டு ஒரே இடத்தில் ஒவ்வொன்றாக இறங்கினால் அங்கே இரை விழுந்திருக்கிறது. கினிக்கோழிக் கூட்டம் ஒரே திசையைப் பார்த்து நிறுத்தாமல் கத்தினால் அந்தப் புல்லுக்குள் சிறுத்தை இருக்கலாம். ஆக்ஸ்பெக்கருக்கு சுவாஹிலியில் 'அஸ்காரி வா கிஃபாரு' என்று பெயர், காண்டாமிருகத்தின் காவலாளி என்று பொருள். ஆள் நெருங்கினால் அது கத்தும், கண் மங்கிய காண்டாமிருகம் உஷாராகும். இரண்டாம் பயணத்தில் பாறு இறங்கியதை வைத்து நான் வண்டியைத் திருப்பச் சொன்னேன்; வரிக்குதிரையைத் தின்றுகொண்டிருந்த சிங்கங்கள் முன்னால் போய் நின்றோம். அதற்கப்புறம் மாமனார் என் பைனாகுலரைத் தன் கையாலேயே துடைத்துக் கொடுப்பார்.

சரி, திட்டத்துக்கு வருகிறேன். இதில் இடம் அதிகம், நேரம் குறைவு. ஏழு இரவில் ஐந்து படுக்கை மாறினால் பாதி நாள் சாலையிலேயே போகும். அம்போசெலியை எடுத்துவிடுங்கள். நல்ல இடம்தான். கிளிமஞ்சாரோ அடிவாரச் சதுப்பில் யானைகள் வயிறு வரை நீரில் நிற்க, சுற்றிலும் உண்ணிக்கொக்குகள் நிற்கும் காட்சி மறக்காது. ஆனால் ஓர் இரவுக்காகப் போகிற ஊர் இல்லை அது. நைரோபி 1, நைவாஷா 2, மாரா 4. நகுருவை நைவாஷாவிலிருந்து ஒரு பகலில் பார்த்துத் திரும்பலாம்.

பூநாரை விஷயத்தில் ஏமாறாதீர்கள். பழைய படங்களில் நகுரு ஏரிக் கரையே இளஞ்சிவப்பாக இருக்கும். 2010க்குப் பிறகு பிளவுப் பள்ளத்தாக்கின் ஏரிகளில் தண்ணீர் ஏறிவிட்டது. நகுரு பூங்காவின் பழைய வாசலும் சாலைகளும் மூழ்கின. சிறு பூநாரைக்கு உயிர், உவர் நீரில் வளரும் ஸ்பைருலினா பாசி. அலகைத் தலைகீழாக வைத்து அதை வடிகட்டித் தின்னும். அந்தப் பாசிதான் அதற்கு நிறமும் கொடுக்கிறது. நல்ல நீர் வந்து கலந்து உப்பு நீர்த்ததும் பாசி குறைந்தது, பறவை வடக்கே பொகோரியா ஏரிக்கு நகர்ந்தது. நகுருவில் சில வருஷம் கொஞ்சம் இருக்கும், சில வருஷம் அதுவும் இருக்காது. அங்கே காண்டாமிருகத்துக்காகப் போங்கள், பூநாரை இருந்தால் சந்தோஷம். நைவாஷாவிலிருந்து நகுரு போகும் நெடுஞ்சாலையை ஒட்டியே எலமென்டைட்டா ஏரி வரும், அங்கே பத்து நிமிஷம் நிறுத்திப் பாருங்கள். நம் கோடியக்கரைக்கு வருவது பெரும் பூநாரை. கென்யாவில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் உயரத்திலும் அலகின் கருமையிலும் வித்தியாசம் தெரியும்.

நைவாஷா நன்னீர் ஏரி. காலை ஆறரைக்குப் படகு சொல்லி வையுங்கள். கூந்தன்குளத்துக்காரருக்கு அது தாய்வீடு மாதிரி இருக்கும்: கூழைக்கடா, நீர்க்காகம், இலைக்கோழியின் ஆப்பிரிக்க வகை, அந்தரத்தில் நின்று இறகடித்துச் செங்குத்தாக விழும் கருப்பு வெள்ளை மீன்கொத்தி. அது நம் ஊரில் இருக்கும் அதே இனம். தலைவெள்ளை மீன்கழுகு கழுத்தைப் பின்னால் வளைத்துக் கத்தும்போது ஏரியே கேட்கும். படகுக்காரர் மீனை வீசிக் கழுகை வரவழைத்துக் காட்டுவார். நான் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். அரைமணி காத்திருந்தால் அது தானாகவே பிடிக்கும், அந்த அழகு வேறு.

மாராவில் நாலு இரவு என்றேன். காரணம் கானமயில் என்ற பெரிய புல்வெளிப் பறவை. நம் நாட்டில் நூற்றைம்பது அளவில்தான் மிச்சம் என்கிறார்கள். தமிழ்நாட்டில் இல்லவே இல்லை. மாராவில் அதன் பெரிய சொந்தக்காரனான கோரி பஸ்டர்ட் சாலையோரம் நடந்து போகும். பறக்கக்கூடிய பறவைகளில் மிகக் கனமானவற்றில் ஒன்று. முதல் தடவை அந்தக் கழுத்தைப் புல்லுக்கு மேலே பார்த்தபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நாம் எதைத் தொலைத்தோம் என்று அப்போதுதான் புரிந்தது.

அப்புறம் செக்ரட்டரி பறவை. கழுகின் உடம்பு, கொக்கின் கால். புல்வெளியில் ஜோடியாக நடந்தே வேட்டையாடும், பாம்பை உதைத்தே கொல்லும். அந்த உதையின் விசை அதன் உடல் எடையைப் போல ஐந்து மடங்கு என்று அளந்திருக்கிறார்கள். காட்டில் இதுவும் குறைந்துகொண்டே வருகிறது. 2020 முதல் அழியும் நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. விடியும் முன் தூரத்தில் யாரோ பெரிய முரசை மெதுவாக அடிப்பதுபோல் கேட்டால் அது தரை இருவாச்சி. மரத்து இருவாச்சியைப் பார்த்த நமக்கு, வான்கோழி அளவில் ஐந்தாறு சேர்ந்து தரையில் நடந்து வருவதைப் பார்க்க விநோதமாக இருக்கும். உங்கள் நண்பரை ஏமாற்றிய பனங்காடையைப் பற்றிக் கவலையே வேண்டாம். இளஊதா மார்புடைய அந்தப் பறவை மாராவில் தனிமரம் தவறாமல் உட்கார்ந்திருக்கும்.

நவம்பர் மழை தொந்தரவு இல்லை, வரம். அது சிறு மழைக்காலம். பெரும்பாலும் மதியத்துக்கு மேல் கொட்டிவிட்டு வெளுத்துவிடும். மாராவின் மண் உங்கள் கரிசல் மண்ணேதான். மழையில் எப்படி ஒட்டும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியாகக் கேளுங்கள். மழை விட்டதும் ஈசல் கிளம்பும். அப்போது பாருங்கள், கழுகு முதல் பஞ்சுருட்டான் வரை எல்லாம் ஒரே பந்தியில் உட்காரும். ஐரோப்பாவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வந்த வலசைப் பறவைகள் அதே நேரத்தில் அங்கே இருக்கும்: ஐரோப்பியப் பனங்காடை, தகைவிலான், உங்கள் கண்மாய்க்கு வரும் பொறி உள்ளான். நாகாலாந்தில் கூட்டம் கூட்டமாக இறங்கும் அமூர் வல்லூறு அரபிக் கடலை ஒரே மூச்சில் தாண்டி, நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் கென்யா வழியாகத் தெற்கே போகும். இந்தத் தளத்தில் நான் வைத்திருக்கும் பெயரும் மழையோடு ஆப்பிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் இடையே பறக்கும் ஒரு குயிலின் பெயர்தான்.

கடைசியாக, எல்லாவற்றையும் விட முக்கியமானது ஓட்டுநர். ஐந்து பேருக்குத் தனி வண்டி எடுங்கள், வேறு யாரையும் சேர்க்க வேண்டாம். கென்யாவில் வழிகாட்டிகளுக்குத் தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரம் கொடுக்கிறார்கள். வெள்ளித் தரம் உள்ளவர் வேண்டும், பறவை தெரிந்திருக்க வேண்டும் என்று இப்போதே எழுத்தில் கேளுங்கள். முதல் நாள் காலை வண்டி கிளம்புமுன் அவரிடம் நேரில் சொல்லுங்கள். பல ஓட்டுநர்கள் உள்ளுக்குள் பெரிய பறவைப் பைத்தியங்கள், கேட்பார் இல்லாததால் சொல்வதில்லை. எங்களுக்கு அமைந்தவர் நான் பறவை என்றதும் இருக்கைக்குக் கீழேயிருந்து தாள் கிழிந்த தன் பறவைக் கையேட்டை எடுத்துக் காட்டினார். இருபது வருஷக் குறிப்பு அதில் இருந்தது.

தூசி லென்ஸ்

அக்கா சொன்னதற்கு மேல் கருவி பற்றி மட்டும். பைனாகுலர் ஆளுக்கு ஒன்று, 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ.) போதும். ஒன்றை ஐந்து பேர் கைமாற்றினால் பறவை போய்விடும். மகளுக்குச் சின்னதாக ஒன்று கட்டாயம். வண்டியில் கேமரா முக்காலி வைக்க இடமில்லை. துணிப்பை ஒன்று தைத்துக் காலியாகக் கொண்டுபோய் நைரோபிக் கடையில் அரிசியோ பயறோ வாங்கி நிரப்பிக்கொள்ளுங்கள். கூரை விளிம்பில் வைத்து லென்ஸை அதன்மேல் சாய்த்தால் கல் மாதிரி நிற்கும். படம் எடுக்கும்போது இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். தூசிக்குப் பிளாஸ்டிக் பையைக் கொண்டு போகாதீர்கள், 2017 முதல் கென்யாவில் தடை. பழைய தலையணை உறை போதும். மாராவுக்குச் சிறு விமானத்தில் போவதாக இருந்தால் ஆளுக்குப் பதினைந்து கிலோதான், அதுவும் மெத்துப் பையில்.

பொறி உள்ளான்

நானாக இருந்தால் உகாண்டா போவேன். என்டெபிக்குப் பக்கத்தில் மபாம்பா சதுப்பு நிலம், மரப்படகில் பாப்பிரஸ் நாணலுக்குள் போனால் ஷூபில் என்ற பறவையைப் பார்க்கலாம். மரச்செருப்பு மாதிரி அலகு, அசையாமல் நின்று நுரையீரல் மீனைப் பிடிக்கும். உலகத்தில் அதற்கு ஈடே இல்லை.

சுடலைக்குயில்

பொறி உள்ளான் சொல்வது சத்தியம், நானும் மபாம்பாவில் பார்த்தேன். ஆனால் இந்த ஏழு இரவில் இன்னொரு நாட்டைத் திணிக்க வேண்டாம். அது தனியாகப் போக வேண்டிய பயணம்.

கரிசல் வானம்பாடி

அக்கா, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உங்கள் பதிலை மைத்துனருக்கு வாசித்துக் காட்டினேன். பாறு இறங்கினால் சிங்கம் என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அம்போசெலியை எடுக்கச் சம்மதித்துவிட்டார். தனி வண்டிக்கும் சரி என்றார்.

இன்னும் இரண்டு கேள்வி. மகளுக்கு ஒரு நாளில் எட்டு மணி நேரம் வண்டி தாங்குமா? அப்புறம், நான் மாயாறு பள்ளத்தாக்கில் இரண்டு முறை பாறு கணக்கெடுப்புக்குப் போயிருக்கிறேன். கென்யாவில் அவை நிம்மதியாக இருக்கின்றனவா?

சுடலைக்குயில்

மகளை எட்டு மணி நேரம் உட்கார வைக்காதீர்கள். காலை ஆறு முதல் பத்து, மாலை நாலு முதல் ஆறரை போதும். நடுவில் விடுதித் தோட்டம். அங்கே தூக்கணாங்குருவியின் சொந்தங்கள் மஞ்சளாக மரம் முழுக்கக் கூடு கட்டிக்கொண்டிருக்கும். ஆண் தலைகீழாகத் தொங்கி இறகடித்துக் கூப்பிடும். பெட்டைகள் ஏற்காத கூட்டை அதுவே பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி கட்டும். என் மகன் அதே வயதில் ஒரு மதியம் முழுக்க அதைப் பார்த்தான், சிங்கத்தைவிட அதுதான் அவனுக்கு இன்றும் ஞாபகம். அவளுக்கு இரண்டு சுவாஹிலி வார்த்தை சொல்லிக் கொடுங்கள். 'சிமாமா' என்றால் நில், 'ன்டெகே' என்றால் பறவை. ஆகாய விமானத்துக்கும் அதே வார்த்தைதான். குழந்தை 'சிமாமா, ன்டெகே' என்று கத்தினால் எந்த ஓட்டுநரும் நிறுத்துவார்.

பாறு பற்றிக் கேட்டது மனசைத் தொட்டது. பார்க்க நிறைய இருக்கும். செத்த மிருகத்தின் உடலைச் சுற்றி வெண்முதுகுப் பாறும் ரூப்பெல் பாறும் கூட்டமாகச் சண்டை போடும். கெட்டித் தோலைக் கிழிக்க முடியாமல் நிற்கும்போது பெரிய அலகோடு லாப்பெட் பாறு வந்து திறந்துவிடும். சின்ன முக்காட்டுப் பாறு ஓரத்தில் துணுக்குகளுக்குக் காத்திருக்கும். நீங்கள் கணக்கெடுத்தவர், அந்த வரிசையைப் பார்த்தால் வேறு எதையும் கேட்க மாட்டீர்கள்.

ஆனால் நிம்மதி இல்லை தம்பி. நம் நாட்டில் மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் அவற்றைக் கொன்றது, 2006இல் கால்நடைக்குத் தடை வந்தது. அங்கே கொல்வது நேரடி விஷம். மாட்டைச் சிங்கம் அடித்துவிட்டால் வயிற்றெரிச்சலில் மேய்ப்பவர் அந்த உடலில் பூச்சிமருந்தைத் தூவிவிடுவார். சிங்கத்துக்கு வைத்ததை நூறு பாறு தின்னும். யானை வேட்டைக்காரர்கள் வேண்டுமென்றே வைப்பதும் உண்டு, பாறு வட்டமிட்டால் வனக்காவலருக்குத் தெரிந்துவிடுமே என்று. 2019இல் போட்ஸ்வானாவில் ஒரே சம்பவத்தில் 537 பாறுகள் செத்தன. மாரா பக்கத்துக் கிராமங்களில் இப்போது மாட்டுப்பட்டிக்குச் சிங்கம் நுழையாதபடி கம்பி வலை போட்டுக் கொடுக்கிறார்கள். மாடு பிழைத்தால் விஷம் வைக்க மாட்டார்கள், அவ்வளவுதான் கணக்கு. உங்கள் ஓட்டுநர் அந்தப் பக்கத்து மாசாய் ஆளாக இருந்தால் இதைப் பற்றி அவரிடம் பேசுங்கள். நீங்கள் மாயாறில் பார்த்ததைச் சொல்லுங்கள். ஆர்வமாகக் கேட்பார்.

கரிசல் வானம்பாடி

பேசுகிறேன் அக்கா. மாயாற்றில் எடுத்த படங்களை அச்சிட்டு எடுத்துப் போகிறேன்.

ஏற்பாட்டாளரிடம் நேற்றே எழுத்தில் கேட்டுவிட்டேன். வெள்ளித் தர வழிகாட்டி ஒருவர் கிடைத்திருக்கிறார். நைரோபி 1, நைவாஷா 2, மாரா 4. கிண்டிக்கு அடுத்த வியாழன் ஐந்து பேரும் போகிறோம். மகள் காலையிலிருந்து 'சிமாமா' சொல்லி வீட்டில் எல்லோரையும் நிறுத்திக்கொண்டிருக்கிறாள். திரும்பி வந்ததும் பட்டியலை இங்கேயே போடுகிறேன்.